7,35,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி: ஒரு தேய்மானக் கணக்கு

1985 ஜனவரி 17 அன்று அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரிலிருந்து எமிலியோ ஸ்காட்டோ ஒரு கருப்பு ஹோண்டா கோல்ட் விங்கில் கிளம்பினார். திரும்பி வந்தது 1995 ஏப்ரல் 2 அன்று. இடையில் அந்த வண்டி ஓடிய தூரம் 7,35,000 கிலோமீட்டர். கடந்த நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் 214. மோட்டார் சைக்கிளில் செய்யப்பட்ட மிக நீண்ட பயணம் என்று கின்னஸ் பதிவில் ஏறியது. வண்டி 1980 மாடல் ஜிஎல்1100. 'கருப்பு இளவரசி' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்.

அந்தப் பயணத்தின் சாகசங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் ஆர்வம் அந்தப் பயணத்தின் செலவுப் பட்டியலில் இருக்கிறது: 47,000 லிட்டர் பெட்ரோல், 1,300 லிட்டர் ஆயில், 86 டயர், 12 பேட்டரி, 9 சீட். ஒரு வண்டி எப்படிப் பராமரிக்கப்பட்டது, எது தேய்ந்தது, எது தேயாமல் காப்பாற்றப்பட்டது என்பதைக் கண்டுபிடிக்க இந்த ஐந்து எண்கள் ஓரளவு போதும். 7 லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் வரை எஞ்சினில் ஸ்பேனரே படவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி ஒரு பெட்ரோல் எஞ்சின் இருந்தாலும் அது இந்த ஆய்வுக்குத் தேவையில்லை. நமக்கு வேண்டியது, ஒரே வண்டி பத்து வருடம் தொடர்ந்து ஓடும் நிலையில் எப்படி இருந்தது என்பதற்கான விடை.

நம்மிடையே ஒரு பெருமைப் பேச்சு உண்டு. "எண்பதாயிரம் ஓடிருச்சு, ஒரு ரூபா செலவு வைக்கல" என்பார்கள். இந்தப் பட்டியல் அதற்கு நேர் எதிரான பாடத்தைச் சொல்கிறது. அதிக தூரம் போன வண்டி என்பது நிறைய செலவு வைத்த வண்டிதான். அந்தச் செலவு எந்தப் பாகத்தில் விழுந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வண்டி எப்படிப்பட்டது

ஜிஎல்1100-இன் எஞ்சின் 1,085 சிசி. நான்கு சிலிண்டர்கள், பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் இருக்கும். குளிர்விப்புக்குத் தண்ணீரும் ரேடியேட்டரும். பின் சக்கரத்துக்குச் செயின் கிடையாது, ஷாஃப்ட் எனப்படும் சுழலும் தண்டு. வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில், சுமார் 20 லிட்டர். கண்ணாடியும் பெட்டிகளும் சேர்ந்த இன்டர்ஸ்டேட் வகையின் எடை, பெட்ரோல் ஊற்றாமலே 300 கிலோவைத் தாண்டும்.

கனமான வண்டிதான், ஆனால் கையாள எளிது. எஞ்சின் படுத்திருப்பதால் சிலிண்டர் தலைகள் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தரையில் உட்கார்ந்தபடியே மூடியைக் கழற்றி டேப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) செட் செய்யலாம், பிளக் மாற்றலாம். டேப்பெட் செட் செய்வது திருகும் நட்டும் வைத்த பழைய முறையில்தான். அடுத்து வந்த ஜிஎல்1200-இல்தான் இடைவெளி தானாகச் சரியாகும் ஹைட்ராலிக் முறைக்கு மாறினார்கள். டைமிங் பெல்ட்டுகள் எஞ்சினின் முன்பக்கம், ரேடியேட்டருக்குப் பின்னால். ஒரு சராசரி மெக்கானிக், சராசரி டூல்ஸ், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஒரு ஃபீலர் கேஜ் இருந்தால் வழக்கமான வேலைகள் அத்தனையும் தெருவோரத்திலேயே முடியும். நீண்ட நாள் உழைக்கும் வண்டிகளைப் பற்றிப் பேசும்போது உலோகத் தரத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். கை போகும் இடத்தில் வேலை இருப்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பது என் கருத்து. எளிதாகச் செய்ய முடிகிற வேலையைத்தான் மனிதர்கள் தள்ளிப் போடாமல் செய்வார்கள்.

இதே வண்டியில் அதற்கு நேர்மாறான ஒரு பாகமும் உண்டு. மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் காயில் எஞ்சினின் பின்பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. அதை மாற்ற எஞ்சினையே சட்டத்திலிருந்து இறக்க வேண்டும். பழைய கோல்ட் விங் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தலைவலி இது. ஸ்டேட்டரைக் காப்பாற்ற என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று பேட்டரிக் கணக்கில் பார்ப்போம்.

1,300 லிட்டர் ஆயில்

ஐந்து எண்களில் அதிகம் பேசுவது இதுதான். 7,35,000 கிலோமீட்டருக்கு 1,300 லிட்டர் என்றால் சராசரியாக 565 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர். இந்த எஞ்சினுக்கு ஒரு தடவை மாற்ற ஏறக்குறைய மூன்றரை லிட்டர் பிடிக்கும். அத்தனை ஆயிலும் மாற்றவே போனதாக வைத்துக்கொண்டால் 370 தடவைக்கு மேல் மாற்றியிருக்க வேண்டும், அதாவது 2,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. ஆனால் எந்த எஞ்சினும் கொஞ்சம் ஆயில் குடிக்கும், குறைந்த அளவை நிரப்ப வேண்டியிருக்கும். தாராளமாகப் பாதி ஆயில் அப்படி நிரப்பவே போனது என்று கழித்தாலும், மீதி 650 லிட்டரில் 185 தடவை மாற்றலாம். அப்படியானால் 4,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்க வேண்டும். நம் ஊர் 100 சிசி வண்டிகளின் கையேடுகளே 6,000 கிலோமீட்டர் வரை போகச் சொல்லும்போது, தண்ணீர் குளிர்விப்பு உள்ள பெரிய எஞ்சினுக்கு இது மிக அடிக்கடி.

ஆயில் ஏன் கெடுகிறது என்று தெரிந்தால்தான் இந்த எண்ணின் அருமை புரியும். கார் எஞ்சினில் ஆயில் எஞ்சினை மட்டும் கவனித்துக்கொள்கிறது. கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் முங்கிக் கிடக்கின்றன. ஜிஎல்1100-உம் அப்படித்தான். சூட்டிலும் ஆயில் ரொம்ப இளகிவிடாமல் இருக்க அதில் நீண்ட சங்கிலி போன்ற பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்த்திருப்பார்கள். கியர் பற்கள் ஒவ்வொரு சுற்றிலும் அவற்றை நசுக்கி வெட்டுகின்றன. 20W-50 என்று ஊற்றிய ஆயிலில் 50 என்பது சூட்டில் இருக்க வேண்டிய கெட்டித்தன்மை. சில ஆயிரம் கிலோமீட்டரில் ஆயில் அந்த 50-ஐ இழந்துவிடும். கிளட்ச் பிளேட்டின் தூள் அதே ஆயிலில் கலக்கும். கார்புரேட்டர் வண்டியில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணும்போது எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கும். அப்புறம் எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவியும் அமிலமும்.

இதில் நீராவிக்கும் கலந்த பெட்ரோலுக்கும் ஒரு மருந்து உண்டு: நீண்ட ஓட்டம். ஆயில் நன்றாகச் சூடாகி ஒரு மணி நேரம் அப்படியே இருந்தால் அவை ஆவியாகி, எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீதர் வழியாக வெளியே போய்விடும். ஸ்காட்டோவின் பயணத்தில் மொத்த நாட்கள் 3,727. நாளுக்குச் சராசரி 197 கிலோமீட்டர். விசாவுக்குக் காத்திருந்த நாட்களையும் கப்பலில் போன நாட்களையும் கழித்தால், ஓடிய நாட்களில் இன்னும் கூடுதலாகவே ஓடியிருக்கும். ஒரு குளிர்ந்த ஸ்டார்ட்டுக்கு இருநூறு முந்நூறு கிலோமீட்டர். ஆயில் படலம் இன்னும் பரவாத முதல் சில நொடிகளில்தான் எஞ்சின் அதிகமாகத் தேயும். அந்த நொடிகளை இந்த வண்டி மிகக் குறைவாகவே சந்தித்திருக்கிறது.

ஆக, ஆயில் கெடுவதற்கான வாய்ப்பு இயல்பிலேயே குறைவாக இருந்த ஒரு வண்டியில், ஆயிலை மிக அடிக்கடி மாற்றியிருக்கிறார்கள். நம் வழக்கம் இதைத் தலைகீழாக்குகிறது. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட இரண்டு கிலோமீட்டர், கடைக்கு ஒரு கிலோமீட்டர், சாயங்காலம் கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் என்று ஆயில் சூடாவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறோம். மீட்டரில் 3,000 ஏறவே எட்டு மாதம் ஆகும். "இன்னும் 3,000 ஆகலையே" என்று காத்திருக்கிறோம். அந்த ஆயிலைக் கிலோமீட்டரை வைத்து எடை போடக் கூடாது. அரை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

டயர், பேட்டரி, சீட்

86 டயர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின் டயர் 12,000 கிலோமீட்டருக்கு ஒன்று போனதாக எடுத்தால் 61, மீதி 25 முன் டயர்கள் ஒவ்வொன்றும் 29,000 சொச்சம். 300 கிலோ வண்டிக்கு, அதுவும் தாரும் மண்ணும் கலந்த சாலைகளில், இது இயல்பான தேய்மானம். டயரைக் கடைசி நூல் வரை ஓட்டிப் பார்க்கவில்லை என்று மட்டும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஆனால் ஒவ்வொரு பின் டயர் மாற்றத்திலும் நடந்திருக்க வேண்டிய இன்னொரு வேலை இருக்கிறது. ஷாஃப்ட் வண்டியில் பின் சக்கரம், ஸ்ப்ளைன் எனப்படும் பல் வரிசையால் ஷாஃப்டின் கியர் பெட்டியோடு இணைந்திருக்கும். சக்கரத்தைக் கழற்றும்போதுதான் அந்தப் பற்கள் கண்ணில் படும். அப்போது பழைய கிரீஸைத் துடைத்து, மாலிப்டினம் கலந்த பசையைத் தடவி மாட்ட வேண்டும். அந்தப் பசை காய்ந்துவிட்டால் பற்கள் ஒன்றையொன்று அரைத்து ஊசி முனையாகிவிடும். பிறகு ஒருநாள் கியர் போட்டாலும் வண்டி நகராது. ஷாஃப்ட் வண்டிக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று நினைத்தவர்களின் வண்டிகள்தான் இப்படி நின்றவை. செயின் வண்டிக்கும் இது பொருந்தும். பின் டயர் மாற்றச் சக்கரம் கழன்று கிடக்கும் நேரத்தில் வீல் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். டிரம்முக்குள் இருக்கும் ரப்பர் புஷ்களை அழுத்திப் பாருங்கள். பிரேக் கேமுக்கு ஒரு துளி கிரீஸ் வையுங்கள். கடைக்காரர் டயரை மாட்டிக்கொண்டிருக்கும் பத்து நிமிடத்தில் இதெல்லாம் முடிந்துவிடும்.

12 பேட்டரிக்கு வருவோம். பத்தே கால் வருடத்தில் 12 என்றால், ஒன்றுக்குப் பத்து மாதம். மோசமான ஆயுள் மாதிரி தெரிகிறது. அன்றைக்கு இருந்தது அமிலம் ஊற்றும் பேட்டரி. சூடு, அதிர்வு, கப்பலில் கிடக்கும் வாரங்கள் எல்லாம் சேர்ந்தால் தகடுகள் சீக்கிரம் போகும். இருந்தாலும் சாகும் தறுவாயில் இருக்கும் பேட்டரியை இழுத்துப் பிடித்து ஓட்டாமல் மாற்றியது மிகச் சரியான முடிவு என்பேன். காரணம் எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அந்த ஸ்டேட்டர். பேட்டரி பலவீனமானால் சார்ஜிங் அமைப்பு முழுவதும் சூடேறும். ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்கள் ஒரு பிளாஸ்டிக் கப்ளரில் இணைகின்றன. அந்த இணைப்பில் துரு ஏறினால் அங்கே தடை கூடும், சூடு ஏறும், கப்ளர் உருகும், கடைசியில் ஸ்டேட்டரே கருகும். இதைத் தடுக்க இந்த வண்டிக்காரர்கள் அந்தக் கப்ளரை வெட்டியெறிந்துவிட்டு வயர்களை நேராகச் சால்டர் வைத்துவிடுவார்கள். பேட்டரி மாற்றும் செலவு ஒரு நாள் கைச்செலவு. ஸ்டேட்டர் மாற்றும் செலவு எஞ்சினை இறக்கும் செலவு. ஊர் பேர் தெரியாத இடத்தில் எஞ்சினை இறக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

நம் ஊரிலும் மூன்று மஞ்சள் வயர் கப்ளர் உள்ள வண்டிகள் நிறைய இருக்கின்றன. சீட்டைக் கழற்றும்போது அதை ஒருமுறை பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

9 சீட் என்பது ஓட்டுபவரின் முதுகு பற்றிய தகவல். 80,000 கிலோமீட்டருக்கு ஒரு சீட். இதை ஆடம்பரம் என்று நான் நினைக்கவில்லை. பஞ்சு அமுங்கிப்போன சீட்டில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தவர், வண்டியிலிருந்து வரும் புதுச் சத்தத்தைக் கவனிக்கும் நிலையில் இருக்க மாட்டார்.

பெட்ரோல் கணக்கில் லிட்டருக்கு 15.6 கிலோமீட்டர் வருகிறது. 20 லிட்டர் டேங்கில் 47,000 லிட்டர் நிரப்ப வேண்டும் என்றால் குறைந்தது 2,350 தடவை பங்கில் நின்றிருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடக்கக் கிடைத்த வாய்ப்பு. டயரில் ஆணி, ஃபோர்க் சீலில் கசிவு, எஞ்சின் அடியில் ஒரு சொட்டு, தளர்ந்த ஒரு போல்ட் என்று பெரிய பழுதுகள் எல்லாம் இப்படிச் சின்னதாகத்தான் முதலில் தலைகாட்டும்.

கிலோமீட்டரை நம்பாமல் சுற்றுகளை எண்ணினால்

கோல்ட் விங்கையும் நம் தெருவில் நிற்கும் ஸ்பிளெண்டரையும் ஒப்பிடுவது நியாயமா என்று கேட்கலாம். ஒரு அளவுகோலை மாற்றினால் நியாயம்தான்.

எஞ்சினுக்குக் கிலோமீட்டர் தெரியாது. பிஸ்டன் எத்தனை முறை ஏறி இறங்கியது, அதனால் கிராங்க் எனப்படும் அச்சு எத்தனை முறை சுற்றியது என்பதுதான் தெரியும். ஜிஎல்1100 டாப் கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 4,000 சுற்றை ஒட்டி இருக்கும். அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 2,400 சுற்று. 7,35,000 கிலோமீட்டருக்கு 176 கோடிச் சுற்று.

ஸ்பிளெண்டரின் 97.2 சிசி எஞ்சின் நான்காவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 6,000 சுற்றில் ஓடுகிறது. கிலோமீட்டருக்கு 6,000. அதே 176 கோடிச் சுற்றை ஸ்பிளெண்டர் எட்டுவது 2,94,000 கிலோமீட்டரில். மூன்று லட்சம் ஓடிய ஒரு ஸ்பிளெண்டர், கிராங்க் சுற்றிய கணக்கில், உலகம் சுற்றிய அந்தக் கோல்ட் விங்குக்குச் சமம். நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுபவர் அந்த இடத்தை அடைய 27 வருடம் ஆகும். 1994-இல் வந்த வண்டி இது. முதல் சில வருடங்களில் வாங்கி இன்னும் விற்காமல் வைத்திருப்பவர்கள் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள். ஸ்காட்டோ கிளம்பிய அதே 1985-இல்தான் இதன் மூத்த வண்டியான ஹீரோ ஹோண்டா சிடி100-உம் நம் ஊருக்கு வந்தது. எஞ்சின் அளவு அதே 97.2 சிசி.

கணக்கில் சமம் என்றாலும் இரண்டும் தேயும் விதம் வேறு. கோல்ட் விங்கின் கிராங்க், ஆயில் அழுத்தத்தில் மிதக்கும் தட்டை பேரிங்குகளில் சுற்றுகிறது. சுத்தமான ஆயில் அழுத்தத்தோடு இருக்கும் வரை உலோகத்தோடு உலோகம் உரசுவதே அபூர்வம். அதனால்தான் அந்த வண்டிக்கு ஆயில் உயிர். ஸ்பிளெண்டரின் கிராங்கில், அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ஊசி உருளைகள், இரண்டு பக்கமும் பால் பேரிங். இவை ஆயில் அழுத்தம் குறைவாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும், சில துளி ஆயிலே போதும். ஆயில் பாதியாகக் குறைந்தும் ஓடிய ஸ்பிளெண்டர் கதைகள் ஊருக்கு ஊர் கேட்கக் கிடைப்பதன் ரகசியம் இதுதான். ஆனால் உருளை பேரிங்குக்கு உலோகச் சோர்வு உண்டு. இத்தனை கோடிச் சுற்றுக்குப் பிறகு அதன் மேற்பரப்பு செதில் செதிலாக உதிரத் தொடங்கும். அப்போது எஞ்சினுக்குள் "டக் டக்" என்று ஆழமான ஒரு தட்டல் கேட்கும். கிராங்கை வெளியே எடுத்து லேத் பட்டறையில் பிரஸ்ஸில் பிரித்து, புது ராடு கிட் போட்டு, நேர் பார்த்து மாட்ட வேண்டும். இது தோல்வியல்ல. அந்த வகை எஞ்சினின் வாழ்க்கையில் வரவேண்டிய ஒரு கட்டம்.

100 சிசியில் எது முதலில் போகும்

என் அனுபவத்திலும் நான் பழகிய மெக்கானிக் அண்ணன்கள் சொல்வதிலும் முதலில் சத்தம் போடுவது, எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் செயின். செயின் மட்டும் நீள்வதில்லை, அதைத் தாங்கும் ரப்பர் உருளைகளும் தேய்ந்து கல் மாதிரி ஆகிவிடும். ஐடிலில் இடது பக்கம் "கட கட" என்று கேட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் மாறினால் அதைச் சந்தேகிக்கலாம். செயினை மட்டும் மாற்றி உருளைகளைப் பழையதாகவே விட்டால் சில மாதங்களிலேயே சத்தம் திரும்பி வரும். கிட்டாகத்தான் போட வேண்டும்.

இரண்டாவது டேப்பெட். இதில் நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சத்தமே வராத டேப்பெட் நல்ல டேப்பெட் என்று நினைத்து இறுக்கச் சொல்கிறார்கள். ஓட ஓட, எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு தன் இருக்கையில் மெல்ல உள்ளே அமிழும், இடைவெளி தானாகவே குறையும். ஏற்கெனவே இறுக்கி வைத்திருந்தால் ஒருநாள் இடைவெளியே இல்லாமல் போய், வால்வு முழுசாக மூடாது. எரியும் வாயு அந்தச் சந்தில் பாய்ந்து வால்வின் விளிம்பைத் தின்றுவிடும். வால்வு தன் சூட்டை இருக்கைக்குக் கடத்துவதே மூடியிருக்கும் நேரத்தில்தான். மெல்லிய 'டிக் டிக்' சத்தத்தோடு ஓடும் எஞ்சின் ஆரோக்கியமான எஞ்சின். குளிர்ந்த நிலையில் ஃபீலர் கேஜ் வைத்துச் செட் பண்ணச் சொல்லுங்கள். கையை வைத்து ஆட்டிப் பார்த்தே செட் பண்ணும் திறமைசாலிகள் இருக்கிறார்கள் என்றாலும் கேஜ் பொய் சொல்லாது.

மூன்றாவது, எல்லாவற்றையும் விட மோசமான எதிரி, தூசி. நம் மண்ணில் உள்ள மணல் துகள் இரும்பை விடக் கடினமானது. கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாகவோ, வெடித்த ரப்பர் குழாய் வழியாகவோ உள்ளே போனால் ஆயிலோடு கலந்து பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே அரைக்கும். ஆயில் மாற்றியே தீர்க்க முடியாத தேய்மானம் இது. 'பிக்கப் கூடும்' என்று ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டும் இளைஞர்களைப் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்ளும். இரண்டு லட்சம் ஓட வேண்டிய எஞ்சினை இருபதாயிரத்தில் முடித்துவிடுவார்கள். சிடி100, ஸ்பிளெண்டர் வகைகளில் செயினை முழுசாக மூடும் பெட்டி வைத்தது அந்த வடிவமைப்பாளர்கள் நம் சாலைகளுக்குச் செய்த பெரிய உதவி. பார்க்க நன்றாக இல்லை என்று அதைக் கழற்றிப் போடுபவர்கள் செயின் ஸ்பிராக்கெட்டைச் சீக்கிரம் மாற்றத் தயாராக இருக்க வேண்டும்.

நான்காவது, வயது. கோல்ட் விங் 7,35,000 கிலோமீட்டரைப் பத்து வருடத்தில் ஓடியதால் அதன் பாகங்களுக்கு ஓடித்தான் வயதானது. நம் வண்டிகளுக்கு நின்றே வயதாகிறது. கார்புரேட்டர் ரப்பர், பெட்ரோல் டியூப், ஃபோர்க் சீல், பிரேக் ஹோஸ், வயரிங்கின் பிளாஸ்டிக் உறை எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காய்ந்து வெடிக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் பழைய வண்டி வாங்கும்போது "டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர், பன்னிரண்டாயிரம்தான் ஓடியிருக்கு" என்ற பேச்சில் மயங்காதீர்கள். பதினைந்து வருடத்தில் பன்னிரண்டாயிரம் என்றால் அது பெரும்பாலும் சூடே ஏறாத ஓட்டம். அதே விலையில், தினமும் நாற்பது கிலோமீட்டர் வேலைக்குப் போய் வந்து, ஆயில் பில்களை வைத்திருப்பவரின் ஒரு லட்சம் ஓடிய வண்டி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். பழைய மீட்டர்கள் 99,999-க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்தே மாதக்கணக்கில் ஓடிய வண்டிகளும் உண்டு. மீட்டரை விட, ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கிக்கர், பிரேக் பெடலின் தேய்மானம் நம்பகமான சாட்சி. ஆர்சியின் பதினைந்து வருடம் முடிந்திருந்தால் ஆர்டிஓவில் தகுதி பார்த்துப் புதுப்பித்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

எஞ்சின் வேலை எப்போது

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒருநாள் சைலென்சரில் நீலப் புகை வரும். அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டுக்கும் செலவு வேறு. ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு கொத்துப் புகை விட்டுவிட்டுத் தெளிந்தால், அல்லது இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மறுபடி கொடுக்கும்போது மட்டும் புகைத்தால், பெரும்பாலும் வால்வு சீல். சின்ன வேலை. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கத் தொடர்ந்து புகைத்து, பிக்கப்பும் செத்து, ஆயிலும் குறைந்துகொண்டே போனால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன.

ரிங் தேய்ந்த வண்டியை "இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்" என்று இழுப்பதுதான் மிகப் பெரிய நஷ்டம். புகைந்தாலும் ஓடும் வரை ஓட்டலாம் என்று நினைப்பவர்கள், ஆயில் குறைந்து கேமும் கிராங்கும் சேர்ந்து போகும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். தேய்ந்த சிலிண்டரைச் சற்று அகலமாகக் குடைவதைத்தான் பட்டறையில் போர் செய்வது என்பார்கள். அதற்குப் பொருந்தும் பிஸ்டன்கள் 0.25 மில்லிமீட்டர் படிகளாக, 1.00 வரை பெரிய அளவுகளில் கிடைக்கும். ஒரு சிலிண்டருக்கு நான்கு வாய்ப்பு. சீக்கிரம் பிரித்தால் முதல் படியான 0.25-இலேயே சிலிண்டர் சுத்தமாகிவிடும், மூன்று படிகள் மீதம் இருக்கும். இழுத்தடித்தால் கீறல் ஆழமாகி நேராக 0.75-க்கோ 1.00-க்கோ போக வேண்டியிருக்கும். பட்டறையில் சிலிண்டரைப் போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்கும் அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவுகளை ஒரு சீட்டில் எழுதி வாங்கி ஆர்சியோடு வையுங்கள். அளக்காமலே "0.50 போட்டுடலாம் சார்" என்று சொல்லும் பட்டறையில் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள்.